இடப்பக்கம் முளைத்த புல்

எங்கள் கால்பந்துக் கிளப் எப்படித் தொடங்கியது என்று யாராவது மைக்கைப் பிடித்துப் பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இளைஞர்களை நல்வழிப்படுத்தும் உயரிய நோக்கோடு" என்று இழுப்பார்கள். உயரிய நோக்கமாவது, மண்ணாங்கட்டியாவது. பந்து வெடித்துப் போனதால் தொடங்கிய கிளப் அது. நான் அங்கே இருந்தேன். அந்தக் கிளப்பின் முதல் கோல்கீப்பர் நான்தான். மைக் என் பக்கம் வருவதாகத் தெரியவில்லை, ஆகையால் எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளில் நான் திருவண்ணாமலையில் ஒரு மல்லாட்டை மண்டியில் குமாஸ்தா. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். கீழ்பென்னாத்தூரிலிருந்து வண்டி வந்தால் மூட்டை எண்ணுவேன், எடை போடுகிறவனோடு சண்டை போடுவேன், வண்டிக்காரனோடு சண்டை போடுவேன், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மறுபடி சண்டை போடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. மண்டிக்கு நேர் எதிரே மெத்தைக் கடை. அண்ணன் தம்பி இரண்டு பேர் நடத்தினார்கள். அண்ணன் ஆள் மலை மாதிரி இருப்பார், கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டார், அவரைப் பெரிய பாய் என்போம். தம்பி ஒல்லி. நாற்பது வயது. புருவத்தில் எப்போதும் இலவம் பஞ்சு ஒட்டியிருக்கும். அவரை வெறுமனே பாய் என்போம். எண்பதுகளில் வட ஆற்காடு முழுக்க "மெத்தைக் கடை பாய் டீமா?" என்று கேட்டுவிட்டு எதிராளிகள் ஷூ கயிற்றில் இன்னொரு முடிச்சு போட்டுக்கொண்டார்களே, அந்தப் பாய்.

அவர் இளவட்டத்தில் ஆம்பூரில் சொந்தக்காரர்கள் வீட்டில் இருந்தபோது பந்து ஆடக் கற்றவர். கடையில் வியாபாரம் கம்மியான சாயங்காலங்களில் ஊர்க்கோடி மைதானத்துக்கு ஒரு தோல் பந்தோடு வருவார். வேலை முடிந்த நாலைந்து பேர் போவோம். ஆளாளுக்கு ஓங்கி உதைப்போம், அது எங்கேயோ போகும், தேடி எடுத்து வருவோம். அதுதான் எங்களுக்குத் தெரிந்த கால்பந்து. ஒருநாள் நான் உதைத்த உதையில் பந்து கருவேல முள்ளில் போய் உட்கார்ந்து உயிரை விட்டது. உள்ளே இருக்கும் பிளாடரை மெட்ராஸிலிருந்துதான் வரவழைக்க வேண்டும், ஒரு மாதம் ஆகும்.

பாய் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. தோலைக் கடைக்குக் கொண்டுபோய், இலவம் பஞ்சை அடைத்து, மெத்தை ஊசியால் தைத்து மறுநாள் எடுத்து வந்தார். அந்தப் பஞ்சுப் பந்து எகிறாது. பறக்காது. ஓங்கி உதைத்தால் கால்தான் வலிக்கும். பக்கத்தில் நிற்கிறவனிடம் தரையோடு தள்ளினால் மட்டும் மரியாதையாகப் போகும். பக்கத்தில் நிற்க ஆள் வேண்டுமே? நாலு பேர் போதவில்லை. பாய் டீக்கடை, சைக்கிள் கடை, லாட்ஜ் என்று அலைந்து ஆள் பிடித்து வந்து, எங்களோடு சேர்த்துப் பதினோரு பேராக்கி ஒரு நோட்டில் பெயர் எழுதினார். அதுதான் கிளப். பிளாடர் வந்து சேர்ந்தபோது எங்களுக்குப் பந்தை உயரே உதைக்கவே மறந்துபோயிருந்தது. பின்னால் பத்திரிகைக்காரர்கள் "பந்தைத் தரையோடு கடத்தும் அபூர்வ நுட்பம்" என்று எழுதினார்கள். நுட்பமாம், நுட்பம்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவன் கோயில் குருக்கள் வீட்டுப் பிள்ளை. காலையில் பூஜைக்கு அப்பாவுக்கு உதவுவான், சாயங்காலம் குடுமியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவான். அவன்தான் எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன். அவனைப் பாய் "சாமி" என்று கூப்பிடுவார். "சாமி, பந்த வுட்டுட்டு எங்க போறீங்க?" என்று மரியாதையாகத்தான் திட்டு விழும். என்னை எதற்குக் கோலில் நிறுத்தினார் என்று கேட்டதற்கு, "நீ எங்க நின்னாலும் பக்கத்துல இருக்கறவன்கிட்ட சண்ட போடற. அங்க யாரும் இல்ல. போஸ்ட்டுகூட சண்ட போட்டுக்கோ" என்றார். அதிலும் எங்கள் மைதானத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் போஸ்ட். இன்னொரு பக்கத்துச் சவுக்குக் கழிகளைத் தீபத்துக்குப் பந்தல் போட யாரோ பிடுங்கிப் போனவர்கள் திருப்பி நடவே இல்லை. ஆகவே எங்கள் பயிற்சி எல்லாம் ஒரே கோலை நோக்கி. எல்லாரும் என்னை நோக்கியே ஓடி வருவார்கள்.

உடம்பு தேறுவதற்கு ஓட வேண்டும் என்றார் பாய். எங்கே ஓடுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. திருவண்ணாமலைக்காரனிடம் ஓடு என்றால் மலையைச் சுற்றித்தான் ஓடுவான். அப்போதெல்லாம் பௌர்ணமிக்குக்கூட இப்போதிருக்கும் கூட்டத்தில் கால்வாசி கிடையாது. விடிகாலையில் ரோடு எங்களுடையது. இரண்டு சாமியார்கள், ஒரு கட்டை வண்டி, செங்கம் ரோட்டு ஆசிரமப் பக்கம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நடக்கும் ஒரு வெள்ளைக்காரர், அவ்வளவுதான். வாரத்துக்கு நாலு நாள், வெறுங்காலோடு ஓடுவோம். பாய் பின்னால் சைக்கிளில் விசில் ஊதிக்கொண்டு வருவார். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டியிருப்பார்.

"காலு பெடல் மேலதான இருக்குது. எதுக்கு பாய் செருப்ப கழட்டினீங்க?" என்று கேட்டேன்.

"நீங்கல்லாம் கழட்டிட்டீங்க. எனக்கு மட்டும் ஒரு மாதிரி இருக்குதுப்பா."

ஊர் சும்மா இருக்குமா? கிரிவலக் கணக்கில் பாய் எங்கேயோ போய்விட்டார், மோட்சத்தில் அவருக்குத் துண்டு போட்டாயிற்று என்று டீக்கடையில் கிண்டல். பாயும் சேர்ந்து சிரிப்பார்.

முதல் தடவையிலேயே மாவட்டப் போட்டியில் இறுதி ஆட்டம் வரைக்கும் போய்விட்டோம். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வேலூரில் ஆட்டம். எதிரே ஆம்பூர் அணி. நாலு கோல். எல்லாம் எங்கள் வலைக்குள். அந்த நாலும் என்னைத் தாண்டித்தான் போனது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முன்னால் ஆடிய பத்து பேரும் பந்தை அவர்கள் காலில் கொண்டுபோய்க் கொடுத்தால் நான் என்ன, தவம் செய்து தடுப்பதா? நாங்கள் எந்தப் பக்கம் போவோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தவர்கள் மாதிரி அங்கேயே நின்றார்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் பெரிய பாய் கல்லாவிலிருந்து எழுந்தார். அவர் எழுந்ததே சேதிதான். மண்டி வாசல் வரை கேட்கிற குரலில் தம்பியிடம் சொன்னார். "இங்க மெத்தை தைக்க ஆளு இல்ல, நீ பந்து தைச்சிக்கினு இருக்க. அடுத்த வருஷமும் ஆடு, வேணாம்னு சொல்லல. தோத்தீன்னா அங்கிருந்தே ஆம்பூருக்குப் போயிடு. மாமா தோல் கிடங்கப் பாத்துக்கணும்னு கேட்டுக்கினே இருக்கறாரு. அப்பால பந்துன்ற பேச்சே கூடாது."

பாய் தலையாட்டினார். அண்ணன் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. நான் ரோட்டைத் தாண்டிப் போய் ஏதோ கத்தினேன். பெரிய பாய் என்னைப் பார்த்து, "நாலு கோலு வுட்டவன் நீதான?" என்றார். வந்த வழியே ரோட்டைத் தாண்டி மண்டிக்குத் திரும்பி மூட்டை எண்ணினேன்.

பாய் போனால் கிளப் இல்லை. விசில் ஊத ஆள் இருக்கலாம். எங்கள் பதினோரு பேரையும் ஒரே இடத்தில் நிற்க வைக்க அவர் ஒருவரால்தான் முடியும். நான் வேறு யார் பேச்சையாவது கேட்டிருக்கிறேனா? என் அம்மாவைக் கேளுங்கள்.

நாலு கோல் ஏன் விழுந்தது என்று பாய் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார். சாப்பாட்டை மாற்றினார், ஆட்களை இடம் மாற்றி நிறுத்தினார், என்னை மெத்தைமேல் விழவைத்துப் பழக்கினார். ஒன்றும் விளங்கவில்லை. மழைக்காலம் முடிந்த ஒரு சாயங்காலம் நாங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது மைதான ஓரத்தில் ஆடு கட்டும் அம்மா வந்தார். தினமும் வருகிறவர்தான். இரண்டு ஆடுகளைப் புல்லில் முளையடித்துக் கட்டிவிட்டு உட்கார்ந்து வெற்றிலை போடுவார்.

"பந்து பட்டா ஆட்டுக்கு அடிபடுமேம்மா. கொஞ்சம் தள்ளிக் கட்டக் கூடாதா?" என்றார் பாய்.

அந்த அம்மா வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார். "ரெண்டு வருஷமா இங்கதான் கட்றேன். ஒரு நாளு கூட உங்க பந்து இந்தப் பக்கம் வந்ததில்ல. அதனாலதான இங்க கட்றேன்."

பாய் திரும்பி மைதானத்தைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். கோலை நோக்கி ஓடுகிறவனுக்கு வலப்பக்கம் தலை மொட்டையடித்த மாதிரி செம்மண். இடப்பக்கம் முழங்கால் உயரப் புல். நெருஞ்சி, தும்பை, ஒரு மூலையில் வண்ணத்துப்பூச்சிகூடப் பறந்துகொண்டிருந்தது. ஒரு மனிதன் கால் வைத்த அடையாளம் இல்லை.

வருஷக்கணக்காக மலையை வலமாகவே சுற்றியவர்கள் நாங்கள். மலை எப்போதும் வலக்கைப் பக்கம். மைதானத்தைச் சுற்றினாலும் பழக்கத்தில் வலமாகத்தான் சுற்றுவோம். பந்து காலுக்கு வந்ததும் உடம்பு தானாக வலப்பக்கம் திரும்பிவிடும். பதினோரு பேருக்கும் அப்படியே. ஆம்பூர்க்காரன் அதைக் கண்டுபிடித்து அந்தப் பக்கமே நின்றிருக்கிறான். எங்களுக்குத் தெரியவில்லை, ஆட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

"சரியாப் போச்சு. நாளையிலேர்ந்து மலைய எதிர்ப்பக்கமா சுத்துவோம்" என்றேன் நான். நாக்கில் சனி.

குருக்கள் வீட்டுப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டான். மற்றவர்கள் நான் ஏதோ கொலை செய்யக் கூப்பிட்ட மாதிரி பார்த்தார்கள். எல்லாரையும் விட அதிகமாகக் கோபம் வந்தது பாய்க்குத்தான்.

"மலைய எடமா சுத்தறதா? என்ன பேச்சு பேசற நீ? ஊர்ல நாளைக்கி பாய்தான் சொல்லிக் குடுத்தான்னு பேசுவாங்க, அத வுடு. எனக்கே மனசு ஒப்பல. அது தப்பு. ஆம்பூருக்கு வேணும்னா போறேன், அந்த வேலை வேணாம்."

சரி, மைதானத்தையாவது இடமாகச் சுற்றலாம் என்று பார்த்தோம். மூன்றாவது சுற்றில் பாதிப் பேர் தங்களை அறியாமலே திரும்பி வலமாக வர, மீதிப் பேர் எதிரே வர, சைக்கிள் கடைக்காரன் பல் ஒன்று போயிற்று. பாய் அன்றைக்கே அதை நிறுத்திவிட்டார்.

கடைசியில் குருக்கள் வீட்டுப் பிள்ளைதான் அப்பாவைக் கேட்கலாம் என்றான். உச்சிக்காலப் பூஜை முடிந்து பெரிய குருக்கள் வீடு திரும்பும் நேரத்தில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றோம். பாய் தலையில் குல்லாவைச் சரி செய்துகொண்டார். நான் எதுவும் பேசக் கூடாது என்று முன்பே சத்தியம் வாங்கியிருந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம். மலை இவங்களுக்கு எடக்கைப் பக்கம் வரணும். ஆனா எதிர்ச்சுத்து சுத்தக் கூடாது. அதுக்கு எதனா வழி இருக்குதுங்களா?"

குருக்கள் முதலில் பாயைப் பார்த்தார், அப்புறம் மகனைப் பார்த்தார், அப்புறம் மலையைப் பார்த்தார். விஷயம் என்ன என்று கேட்டார். பாய் ஆட்டில் ஆரம்பித்து ஆம்பூர் வரை ஒன்று விடாமல் சொன்னார். தோற்றால் தான் போக வேண்டியதையும் சொன்னார். நான் வாயைத் திறக்கப் போனேன், பாய் என் காலை மிதித்தார்.

"சன்னிதிலேர்ந்து நாங்க வெளிய வரப்ப எப்படி வரோம், பாத்திருக்கீங்களா? சாமிக்கு முதுகக் காட்டாம பின்னாலயே நடந்து வரோம். அதுல என்ன தப்பு? கால் வலமா போறதான்னுதான் மலை பாக்கும். மூஞ்சி எந்தப் பக்கம் இருக்குன்னு பாக்காது" என்றார் குருக்கள். கதவைத் தாண்டி உள்ளே போனவர் திரும்பி வந்து, "ஆனா ஜெயிச்சுடணும்" என்று சேர்த்துக்கொண்டார்.

அப்படித்தான் நாங்கள் மலையைச் சுற்றிப் பின்பக்கமாக ஓட ஆரம்பித்தோம்.

பாதி வழியில் இருக்கும் அடி அண்ணாமலை வரை எல்லா மனிதர்களையும் போல ஓடுவோம். அங்கே விசில் அடித்ததும் பதினோரு பேரும் திரும்பிக்கொண்டு, வந்த வழியைப் பார்த்தபடி, பின்னாலேயே குபேர லிங்கக் கோயில் வரைக்கும். மலை இடக்கைப் பக்கம் வந்துவிட்டது. போகிற வழியைப் பார்க்க இடத்தோள் மேலாகக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். முதல் வாரம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். மாட்டு வண்டியில் இடித்தோம். ஒரு சாமியாரின் திருவோட்டைத் தட்டிவிட்டு, எழுந்து நின்று அவரிடம் திட்டு வாங்கினேன். அவர் திட்டிய திட்டில் பாதி எனக்கே புதுசு. பின்னால் சைக்கிளில் வரும் பாயின் முகத்தை முதல் தடவையாக ஓடும்போது பார்த்தோம். மனிதர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பில் விசில் வாயிலிருந்து விழுந்து கோலிக்குண்டு மாதிரி உருண்டது.

ஊருக்கு இது வேண்டுதலாகத்தான் பட்டது. ஆந்திராவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று எங்களுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. என்ன பிரார்த்தனை என்று ஒரு அம்மா கேட்டார். "பாய் ஆம்பூருக்குப் போகக் கூடாதுன்னு" என்று நான் கத்தினேன், பின்னாலேயே ஓடிக்கொண்டு. அந்த அம்மா ஒன்றும் புரியாமல் எங்களுக்காகவும் சேர்த்துக் கும்பிட்டார். ஆசிரமப் பக்கத்து வெள்ளைக்காரர் ஒருநாள் கண்ணைத் திறந்து பார்த்தார், மறுநாளிலிருந்து அடி அண்ணாமலையில் காத்திருந்து எங்களோடு பின்னாலேயே நடந்து வந்தார். இதில் உடல் சாஸ்திரம் எவ்வளவு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நாலாவது மாதத்தில் ஒரு சாயங்காலம் குருக்கள் வீட்டுப் பிள்ளை பந்தோடு இடப்பக்கம் திரும்பிப் புல்லுக்குள் ஓடி, அங்கிருந்து அடித்தான். பந்து ஆட்டின் வயிற்றில் போய் விழுந்தது.

ஆடு கத்தியது. அந்த அம்மா எங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். நாங்கள் பதினோரு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். பாய் புல்லில் உட்கார்ந்து அந்த ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். மறுநாள் அந்த அம்மாவுக்கு ஒரு தலையணை தைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, "இனிமே எங்கதான் கட்றது?" என்று கேட்டார்.

மறுபடியும் இறுதி ஆட்டம். மறுபடியும் வேலூர். மறுபடியும் ஆம்பூர். எங்கள் மண்டி லாரியில் போனோம். பெரிய பாய் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் எங்கள் நடுவே ஒரு பச்சை டிரங்குப் பெட்டி. பாயின் சட்டை, லுங்கி எல்லாம் அதில் இருந்தது. தோற்றால் அங்கிருந்து நேரே ஆம்பூர் பஸ் ஏற்றிவிடுவதாக ஏற்பாடு. லாரியில் இடமே இல்லை, ஆனாலும் ஒருவரும் அந்தப் பெட்டிமேல் உட்காரவில்லை.

ஆட்டத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் ஒரு பெனால்ட்டியைப் பாய்ந்து தடுத்ததாகக்கூட ஒருவர் பேசினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. உண்மையில் அவன் வெளியே அடித்தான், நான் எதிர்ப்பக்கம் விழுந்து கிடந்தேன். முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது நடுவில் குருக்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பந்து வந்தது. ஆம்பூரின் பின்வரிசைக்காரர்கள் நாலு பேரும் போன வருஷம் மாதிரியே எங்கள் வலப்பக்கம் போய் வேலி கட்டி நின்றார்கள். இவன் இடத்தோள் மேலாக ஒரு பார்வை பார்த்தான். குபேர லிங்கம் வந்துவிட்டதா என்று பார்ப்பானே, அதே பார்வை. திரும்பினான். அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. குடுமி அவிழ்ந்து பறக்க ஓடிப் போய், அவசரமே இல்லாமல், பந்தை உள்ளே தள்ளினான். அப்புறம் கோலுக்கு முதுகைக் காட்டாமல் பின்னாலேயே எங்களிடம் ஓடி வந்தான்.

திரும்பும்போது லாரியில் அந்த டிரங்குப் பெட்டிமேல் மூன்று பேர் உட்கார்ந்து தாளம் போட்டோம். மூடி நசுங்கியது. பெரிய பாய் முன்னாலிருந்து, "பொட்டி, பொட்டி" என்று கத்திக்கொண்டே வந்தார். குரலில் கோபம் கம்மியாக இருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது எங்களுக்குத்தான் சொன்னது. அந்த ஆட்டத்தைப் பார்க்க மெட்ராஸில் பெரிய ஆலை அணி ஒன்றிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். இரண்டு வாரம் கழித்துக் கடைக்கு வந்தார். கல்லாவை விட்டே எழாத பெரிய பாய் வாடிக்கையாளர் என்று எழுந்து வந்து மெத்தை மெத்தையாக விரித்துக் காட்டினார். வந்தவர் கூச்சத்தில் ஒவ்வொன்றிலும் படுத்துப் பார்த்தார். ஐந்தாவது மெத்தையில் படுத்துக்கொண்டுதான் சொன்னார், "மெத்தை வேணாங்க. உங்க தம்பிய எங்க டீமுக்கு கோச்சா கேக்கறதுக்கு வந்தேன்."

"கடைல இருக்கறதெல்லாம் விக்கறதுக்குன்னு யாரு சொன்னது உனக்கு?" என்றார் பெரிய பாய்.

ஆனால் பாயின் முகத்தை நான் பார்த்தேன். ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. புல் முளைத்த மைதானம், இரண்டு பக்கமும் போஸ்ட், வெடித்தால் மாற்ற இன்னொரு பந்து. அதற்கு ஆசைப்படாத மனிதன் உண்டா? தோற்றுவிடக் கூடாது, அவரை விட்டுவிடக் கூடாது என்றுதான் அத்தனை மாதம் பின்னாலேயே ஓடினோம். ஜெயித்ததால்தான் போகிறார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எட்டாவது நாள் போய், "போங்க பாய். போய் நல்லா இருங்க" என்று சண்டைக்காரன் மாதிரி சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்தது. தும்மல் என்று சொல்லிச் சமாளித்தேன், பஞ்சுக் கடையில் அதற்குக் குறைச்சலா?

பெரிய பாயும் கடைசியில் கல்லாவைப் பார்த்துக்கொண்டே, "போறதுன்னா போ" என்று சொல்லிவிட்டார். பச்சைப் பெட்டி பஸ் மேலே ஏறியது. நசுங்கிய மூடிக்குக் கயிறு கட்டியிருந்தது. பெரிய குருக்கள் விபூதிப் பொட்டலம் கொடுத்து அனுப்பியிருந்தார், பாய் அதை மேல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். பஸ் நகர்ந்ததும் யார் தொடங்கினார்களோ தெரியாது, பதினோரு பேரும் பஸ்ஸுக்கு முன்னால், முன் சீட்டில் இருந்த அவர் முகத்தைப் பார்த்தபடி, பின்னாலேயே ஓடினோம். டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்தார். ரயில்வே கேட் வரை ஓடினோம். கேட் மூடியிருந்தது. காட்பாடி வண்டி வர நேரமாகும் என்றார்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் முன்பே சொல்லியாயிற்று. அவர் உள்ளே, நாங்கள் வெளியே, கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றோம். பெரிய பாய் வரவில்லை.

மறுநாள் விடிகாலை வழக்கமான இடத்தில் கூடினோம். விசில் இல்லாமல் யாரும் நகரவில்லை. நான் ஓடலாம் என்றேன். என் பேச்சை யார் கேட்பார்கள்? கலைந்துவிடலாம் என்று நினைத்த நேரத்தில் பாயின் சைக்கிள் வந்தது. மேலே பெரிய பாய். சைக்கிள் தெரியவில்லை, அவர்தான் தெரிந்தார். ஹேண்டில்பாரில் செருப்பு மாட்டியிருந்தது.

"இன்னா பாத்துக்கினு இருக்கறீங்க? ஓடுங்க. எனக்கு ஒம்போது மணிக்கு கடை தொறக்கணும்" என்றார்.

விசிலுக்குப் பதில் சைக்கிள் மணி. கால்பந்தில் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, நான் நாலு கோல் விட்டது. அதைத் தினமும் எம லிங்கத்தருகே ஞாபகப்படுத்துவார். அடி அண்ணாமலையில் மணி அடித்ததும் திரும்பிக்கொண்டு பின்னாலேயே ஓடுவோம், அவர் மூச்சு வாங்க, வியர்வை வழிய, எங்களை முறைத்துக்கொண்டே வருவார். ஏன் வருகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "சைக்கிள் சும்மா நின்னா துரு புடிச்சிடும்" என்றார்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு விடிகாலை நாங்கள் கூடும் இடத்தில், மைல்கல் பக்கத்தில், ஒரு பச்சை டிரங்குப் பெட்டி. அதன்மேல் பாய் உட்கார்ந்திருந்தார். புருவத்தில் பஞ்சு இல்லாமல் ஆளே வேறு மாதிரி இருந்தார். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். நாங்கள் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றோம். பெரிய பாய் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். இறங்கவில்லை.

"ஏன் வந்துட்ட?" என்றார்.

பாய் எழுந்து நின்றார். மெட்ராஸில் எல்லாம் நல்லபடியாகத்தான் வைத்துக்கொண்டார்களாம். ஆட்டக்காரர்கள் தங்கமானவர்களாம். ஓடுங்கள் என்றதும் ஓடினார்களாம்.

"அங்க நடுவுல ஒண்ணுமே இல்லண்ணா" என்றார். "வெறும் மைதானம். எத சுத்தி ஓடச் சொல்றது?"

பெரிய பாய் மலையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கேரியரைக் கையால் தட்டினார்.

"பொட்டிய அந்த டீக்கடைல வெச்சிட்டு பின்னால ஏறு" என்றார். "விசில் இருக்குதில்ல?"